உடம்புச் சூடு

டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டதிலிருந்து அப்பாவும் மகனும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்வதில்லை.

"குழந்தை இருக்கா?" என்றுதான் கேட்டார். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியாத பையன் இல்லையென்று தலையாட்டினான். மருந்து ஏறினால் புற்றுநோய் மட்டும் சாகாது, உடம்பில் வேகமாக வளர்கிற எதையும் அது விட்டுவைக்காது என்றார் டாக்டர். முடி கொட்டினால் திரும்ப முளைக்கும். விந்தணு திரும்புமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதனால் மருந்து ஏறுவதற்கு முன்னால் எடுத்து உறைய வைத்துவிடலாம், எத்தனையோ வருஷம் கழித்தும் பயன்படும்.

சொல்லிவிட்டு அவர் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். இவர்கள் இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். போன வார அத்தியாயத்தில் நாம் அவர்களை விட்டுவிட்டு வந்தது அந்த இரண்டு சுவர்களுக்கு நடுவில்தான்.

அப்பாவை ஊரே ஐஸ்காரர் என்றுதான் கூப்பிடும். மீன் கிடங்கு, பால் டிப்போ, மருந்துக் குடோன் என்று எங்கே குளிர் அறை இருந்தாலும் அதன் நாடி அவர் கையில். மகன் லிஃப்ட் மெக்கானிக். அப்பன் குளிர வைப்பான், பிள்ளை ஏற்றி இறக்குவான் என்று தெருவில் கிண்டல் உண்டு. பிள்ளைக்கு அவன் கூட்டாளிகள் வைத்த பெயர் ஒட்டகம். அவ்வளவு நீளக் கழுத்து. அந்தக் கழுத்தின் அடியில்தான், காலர் பட்டனைப் போட்டுவிடும்போது, அவன் மனைவியின் விரலில் கட்டி தட்டுப்பட்டது.

இப்போது அதன் கூடப்பிறந்தது ஒன்று நெஞ்சுக்குள் உட்கார்ந்துகொண்டு மூச்சுக்குழாயை நெருக்குகிறது. அவனால் மல்லாந்து படுக்க முடியவில்லை. இன்றைக்கு மதியத்துக்கு மேல் மருந்தைத் தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்படியானால் காலையிலேயே அந்த வேலை முடிய வேண்டும். உறைய வைக்கும் லேப் இந்த ஆஸ்பத்திரியில் இல்லை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஆக்சிஜன் குழாயோடு இருக்கிறவனை அங்கே கூட்டிப்போக முடியாது. இங்கேயே எடுத்து, யாராவது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். யாராவது என்றால் வேறு யார்? ஐஸ்காரர்தான்.

உண்மையைச் சொன்னால், நோய் வந்த நாளிலிருந்து அவர் மனசு கொஞ்சம் நிமிர்ந்தது அன்றைக்குத்தான். அதுவரை டாக்டர்கள் பேசியதில் ஒரு சொல்லும் அவருக்குப் பிடிபடவில்லை. ஸ்கேன் என்றார்கள், பயாப்ஸி என்றார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கையைக் கட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் நின்றார். மகனுக்கு வந்த நோயில் அவருக்குப் புரிந்த ஒரே வார்த்தை 'உறைய வைப்பது'.

அதனால் முந்தின நாளே தன்னுடைய சின்ன நீல ஐஸ்பெட்டியை எடுத்து வெந்நீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினார். மீன் வாசனை கொஞ்சமும் இருக்கக்கூடாது என்று மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்த்தார். விடிந்ததும் நல்ல ஐஸாகப் பார்த்து, ஒரே அளவாக உடைத்து, அடியில் பரப்பி, ஓரத்தில் அடுக்கி, நடுவில் ஒரு பாட்டில் உட்காருகிற அளவுக்குக் குழி விட்டு மூடினார். அவர் வாழ்நாளில் எந்த முதலாளிக்கும் ஐஸை அத்தனை அழகாக அடுக்கியதில்லை. பெட்டியை வேனில் வைத்துவிட்டு வார்டுக்கு மேலே வந்தார்.

மருமகள் அப்போது அங்கே இல்லை. கண்ணாடிக்கடையில் கண்ணாடி பொருத்துகிற வேலை பார்க்கிற பெண் அவள். கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, மதியம் ஏற்ற வேண்டிய ஊசி மருந்துகளை வாங்க வெளி மருந்துக் கடைகளுக்கு அலைந்துகொண்டிருந்தாள். அவள் மட்டும் அந்த நேரத்தில் அங்கே இருந்திருந்தால் இந்த அத்தியாயத்தை நான் எழுதவேண்டியே வந்திருக்காது.

ஏனென்றால் அந்த வீட்டில் இரண்டு ஆண்களுக்கும் நேராகப் பேசிப் பழக்கமில்லை. அவனுடைய அம்மா இருந்தவரை எல்லாம் அவள் வழியாகத்தான் போகும், வரும். உன் பையன்கிட்ட சொல்லு என்பார் இவர். அப்பாகிட்ட சொல்லும்மா என்பான் அவன். இரண்டு பேரும் ஒரே அறையில்தான் இருப்பார்கள். அவள் போன பிறகு வீடு ஊமையாகிக் கிடந்தது. மருமகள் வந்து அந்த வேலையைக் கையிலெடுத்த பிறகுதான் வீட்டில் மறுபடி பேச்சுச் சத்தம் கேட்டது.

நர்ஸ் ஒரு சின்ன மூடி போட்ட பாட்டிலோடு திரைக்குள் போனார். விஷயம் இன்னதென்று தெரிந்ததும் ஐஸ்காரர் மரியாதையாகத் தாழ்வாரத்தின் கோடிக்கு நகர்ந்துவிட்டார். தீயணைக்கும் கருவியில் எழுதியிருந்ததை மேலிருந்து கீழ்வரை படித்தார். நர்ஸ் உள்ளே என்ன சொன்னார் என்பது அவர் காதில் விழவில்லை. விழக்கூடாது என்றுதானே அவ்வளவு தூரம் போய் நின்றார்.

வார்டுக்கு ஒரே கழிப்பறை. மகன் ஆக்சிஜன் குழாயைக் கழற்றிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான். உள்ளே ஒரு குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் நடைச்சட்டத்தை ஊன்றிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் கதவைத் தட்டினார். மறுபடியும் தட்டினார். ஐஸ்காரருக்குப் போய் அவர் கையைப் பிடிக்கலாமா என்றிருந்தது. பிடித்து என்ன காரணம் சொல்வது? தீயணைக்கும் கருவியையே மறுபடி படித்தார்.

கதவு திறந்தபோது மகனின் முகம் வியர்த்து வெளுத்திருந்தது. கைத்துண்டில் சுருட்டிய பாட்டிலை அப்பாவின் கையில் கொடுத்தான். கொடுக்கும்போது பார்வை அவருடைய செருப்பில் இருந்தது.

"சீக்கிரம் போகணும்ப்பா."

"சரி. வேற ஏதாவது சொன்னாங்களா?"

மகன் வாயைத் திறந்தான். மூச்சு வாங்கியது. "ஒண்ணுமில்ல. சீக்கிரம் போங்க" என்றான்.

ஐஸ்காரர் மாடிப்படியில் இறங்கிய வேகத்தைப் பார்த்திருந்தால் அவருக்கு மூட்டுவலி உண்டென்று யாரும் நம்பமாட்டார்கள். வேனுக்குள் உட்கார்ந்து துண்டைப் பிரித்தார். பாட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. அந்த வெதுவெதுப்பு அவரைப் பதற வைத்தது. சூடாக இருக்கிற சரக்கு கெடும், அது அவர் தொழிலின் முதல் பாடம். அவசரமாக ஐஸ்பெட்டியைத் திறந்து, தான் விட்டிருந்த குழியில் பாட்டிலை உட்கார வைத்து, மேலே இன்னும் ஒரு பிடி ஐஸைப் போட்டு, மூடியை அழுத்தி மூடினார். அப்பாடா என்றிருந்தது.

பாலத்தைத் தாண்டும்போது அவருக்குப் பேரனோ பேத்தியோ பற்றிய நினைப்புகூட வந்தது. கழுத்து மட்டும் அதன் அம்மா மாதிரி இருந்தால் தேவலை என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

லேப்பில் தலைக்கு உறை மாட்டியிருந்த ஒரு பெண்மணி ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். ஐஸ்காரர் பெட்டியைத் திறந்து பாட்டிலை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். வாங்கிய கை அப்படியே நின்றது.

"இதை எதுல வெச்சுக் கொண்டு வந்தீங்க?"

"ஐஸ்லதாம்மா. வழியில ஒரு தடவைகூட மூடியைத் திறக்கல. நமக்குத் தொழிலே அதுதான்."

அந்தப் பெண்மணி பாட்டிலை உள்ளங்கையில் பொத்திக்கொண்டார். உள்ளே போய்விட்டார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் ஒரு துளியை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிவது தெரிந்தது. நிமிர்ந்தார். எதையோ சரிசெய்துவிட்டு மறுபடி குனிந்தார். ஐஸ்காரர் முப்பது வருஷமாக மெஷின் முன்னால் குனிந்து எழுந்தவர். குனிந்தவர் நிமிர்கிற தினுசிலேயே மெஷின் ஓடுமா ஓடாதா என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

அந்தப் பெண்மணி நல்ல மாதிரி. திட்டவில்லை. வெளியே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். இது உடம்புச் சூட்டிலேயே வர வேண்டும். கொண்டு வருகிறவர் சட்டைக்குள், உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு வர வேண்டும். சடாரென்று குளிர் பட்டால் இவை தாங்காது. லேப்பில் உறைய வைப்பது வேறு விதம். முதலில் பாதுகாப்புக்கு ஒரு திரவம் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கித்தான் குளிருக்குள் இறக்குவார்கள்.

"சூடு பண்ணிப் பாக்கலாமாம்மா?"

"பண்ணிப் பாத்துட்டேன் அய்யா. உறைய வெக்கிற அளவுக்கு எதுவும் அசையல."

மீன் கிடங்கில் வேகம்தான் எல்லாம். எவ்வளவு சடாரென்று குளிர வைக்கிறோமோ அவ்வளவு நல்லது. ஆனால் அங்கே வருகிற மீன் செத்த மீன். இது உயிரோடு இருந்தது. இந்த ஒரு வித்தியாசம் அவர் மண்டையில் ஏறவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய யானை தன் குட்டி மேலேயே விழுந்த கதையாகிவிட்டது.

மருந்து ஏறுவதற்குள் இன்னொரு முறை எடுக்க முடிந்தால் கொண்டு வாருங்கள், குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, பின்னால் ஒன்றே ஒன்று உருப்படியாக இருந்தால்கூடப் போதும் என்றார் அந்தப் பெண்மணி. வார்டுக்கும் அவரே போன் பண்ணிச் சொன்னார்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஐஸ்பெட்டி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தது. வளைவுகளில் உள்ளே ஐஸ் உருண்டு சத்தம் போட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் மருமகள் மருந்துப் பையோடு நின்றுகொண்டிருந்தாள். போன காரியம் ஆச்சா மாமா என்று கேட்டாள். ஐஸ்காரர் பொய் சொல்லத் தெரியாதவர் இல்லை, ஆனால் அன்றைக்கு அதற்கும் தெம்பில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். சொல்லி முடித்ததும் அவள் அவருடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வேனுக்குள் இருந்த நீலப் பெட்டியைப் பார்த்தாள்.

"அந்த ஐஸை முதல்ல கொட்டிட்டு வாங்க மாமா" என்றாள்.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தார். சாக்கடை ஓரமாகக் குனிந்து பெட்டியைக் கவிழ்த்தார்.

மேலே போனபோது மருமகள் திரைக்குள் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். மகன் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். காய்ச்சல் ஏறியிருந்தது. அப்பா வந்ததும் அவன்தான் முதலில் பேசினான்.

"சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டுப் போகச் சொன்னாங்கப்பா. உங்ககிட்ட அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

சொல்லியிருக்கலாமேடா என்று கேட்கத்தான் நினைத்தார். எந்த வாயால் கேட்பது? தானும்தான் கேட்காமல் தீயணைக்கும் கருவியைப் படித்துக்கொண்டிருந்தார். கலைந்திருந்த போர்வையை இழுத்துச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

டாக்டர் வந்து பார்த்தார். மார்பில் குழல் வைத்துக் கேட்டார். மருந்தைக் கலக்கச் சொல்லிவிட்டேன், கலந்து வருவதற்குள் முடிந்தால் முடியட்டும், அதற்கு மேல் ஒரு நாள் என்று கேட்டால் நான் அவருடைய மூச்சுக்கு உத்தரவாதம் தர மாட்டேன் என்றார். ஐஸ்காரர் கேட்கவில்லை. கேட்க வேண்டும்போல் இருந்தது, ஆனால் கேட்டால் எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று அவருக்குத் தெரியும்.

மகனால் தனியாக நிற்க முடியவில்லை. நர்ஸ் ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டரைச் சக்கரத்தில் வைத்துக் கொடுத்தார். மருமகள் ஒரு கையால் சிலிண்டரையும் மறு கையால் கணவனையும் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். 

இந்த முறை ஐஸ்காரர் தாழ்வாரக் கோடிக்குப் போகவில்லை. நேராக வேனுக்கு ஓடினார். வேலைக்குப் போகும் இடங்களில் மாட்டுகிற பலகையையும் ஒரு ஸ்பானரையும் எடுத்துக்கொண்டு வந்தார். 'பழுது பார்க்கப்படுகிறது' என்ற பலகையைக் கழிப்பறைக் கதவின் கைப்பிடியில் தொங்கவிட்டார். ஸ்பானரைக் கையில் பிடித்துக்கொண்டு கதவுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

நடைச்சட்டப் பெரியவர் வந்துவிட்டார். இந்த மனிதருக்கு வயிறா கடிகாரமா தெரியவில்லை. பலகையைப் படித்தார், ஸ்பானரைப் பார்த்தார், காலையில்கூட நன்றாகத்தானே இருந்தது என்றார். ஆமாங்க, திடீர்னு இப்படி ஆயிடுச்சு என்றார் ஐஸ்காரர்.

"எப்ப சரியாகும்?"

"தெரியலீங்க. பாத்துக்கிட்டுதான் இருக்கோம்."

பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். என்ன புரிந்துகொண்டாரோ, கீழ் மாடிக்குப் போய்க்கொள்கிறேன் என்று சட்டத்தைத் திருப்பிக்கொண்டார்.

கதவுக்கு அந்தப் பக்கம் மகன் இருமினான். மருமகள் தணிந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். வார்த்தை கேட்கவில்லை, குரல் மட்டும் கேட்டது. நடுவில் ஒருமுறை, முடியல, விட்டுடு என்று மகன் சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டுவிட்டது. ஐஸ்காரர் ஸ்பானரை இறுக்கிப் பிடித்தார். உலகத்தில் அவருக்குத் திருகத் தெரிந்த எந்த நட்டும் அந்தக் கதவுக்குப் பின்னால் இல்லை.

மருமகள் வெளியே வந்தபோது அவள் கையில் எதுவும் இல்லை. மகனை நர்ஸ் தாங்கிப் பிடித்துக் கட்டிலுக்குக் கூட்டிப்போனார்.

"வண்டியை எடுங்க மாமா" என்றாள் அவள். அப்போதுதான் கவனித்தார். மேல்சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டி எதையோ இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டிருந்தாள்.

மழை பிடித்துக்கொண்டது. ஐஸ்காரரின் வேனில் குளிர்காற்று மட்டும் பிரமாதமாக வரும், ஹீட்டர் வேலை செய்து பல காலமாயிற்று. ஐஸ்காரனுக்கு எதுக்கு ஹீட்டர் என்று அவரே வேடிக்கை பேசிச் சரிபார்க்காமல் விட்டது. கண்ணாடிகளை ஏற்றினார். தன் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கொடுத்தார். அவள் அதை மடித்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

பாலத்துக்கு முன்னால் ஒரு குப்பை லாரி பழுதாகி நின்றுகொண்டிருந்தது. பின்னால் வரிசையாக வண்டிகள். ஹாரன் அடித்துப் பிரயோசனமில்லை என்று தெரிந்தும் அடித்தார். இறங்கிப் போய் லாரியின் வயிற்றைத் திறந்து பார்க்கலாமா என்றுகூட யோசித்தார்.

"ஏதாவது பேசுங்க மாமா. வாயை மூடிக்கிட்டிருந்தா எனக்கு நடுங்குது. நடுங்கினா இது ஆடுது."

என்ன பேசுவது? மழையைப் பற்றிப் பேசினார். லாரிக்காரனைத் திட்டினார். மகன் சின்ன வயதில் பால் டிப்போவின் குளிர் அறைக்குள் ஒளிந்துகொண்டு விளையாடிய கதையைச் சொன்னார். எல்லோரும் தேடித் தேடிக் கடைசியில் உதடு நீலம் பாரித்து அகப்பட்டான் என்று சொல்லும்போதே, இதை எதற்கு இப்போது சொல்கிறோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழுதாள்.

"நாந்தான் மாமா, ஒரு வருஷம் போகட்டும்னு சொன்னேன். அவர் ஆசைப்பட்டார். சொந்தமா ஒரு இடம் பாத்துக்கிட்டு அப்புறம்னு நாந்தான் தள்ளிப் போட்டேன்."

நல்ல மாமனாராக இருந்தால் அதெல்லாம் ஒன்றுமில்லை அம்மா என்று சொல்லவேண்டிய இடம்.  ஐஸ்காரர் பக்கவாட்டில் மட்டும் ஒரு முறை பார்த்தார். குளிரில் தோளைக் குறுக்கி, இரண்டு கைகளாலும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, ஒவ்வொரு குலுங்கலுக்கும் இருக்கையில் கொஞ்சம் எழும்பி உட்கார்ந்தாள் அந்தப் பெண். பிள்ளைத்தாய்ச்சிகள் அப்படித்தான் உட்காருவார்கள். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். லாரி நகர்ந்தது.

லேப்பில் பாட்டிலை வாங்கிய பெண்மணி இந்த முறை தலையை ஆட்டினார். சூடு இருக்கு, நல்லது என்றார். உள்ளே போய்க் குனிந்தார். ஐஸ்காரரும் மருமகளும் கண்ணாடித் தடுப்பில் நெற்றி படாத குறையாக நின்றார்கள்.

அசைகிறது என்றார் வெளியே வந்து. ஆனால் கொஞ்சம்தான். காய்ச்சல், நோய், ஒரே நாளில் இரண்டாவது முறை எல்லாம் சேர்ந்து எண்ணிக்கையைக் குறைத்திருந்தன. காலையில் வந்தது மட்டும் சூட்டோடு வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர் ஐஸ்காரரின் முகத்தைப் பார்த்துவிட்டு அதை முடிக்கவில்லை. இருப்பதை இரண்டு சின்னக் குழல்களில் அடைத்து உறைய வைப்போம். ஒரு துளியைத் தனியாக உறைய வைத்து எடுத்துப் பார்ப்போம், குளிரிலிருந்து எழுந்த பிறகு எத்தனை பிழைக்கிறது என்று நாளைக்குத் தெரியும் என்றார்.

பிழைக்கலேன்னா என்று மருமகள் கேட்டாள். மருந்து ஏறிய பிறகு எடுக்க முடியாதே என்று மட்டும் அவர் சொன்னார்.

ஓரத்தில் ஒரு பெரிய உலோகக் குடுவையிலிருந்து வெள்ளைப் புகை வழிந்துகொண்டிருந்தது. ஐஸ்காரரின் எந்தக் கம்ப்ரசரும் கனவில்கூடத் தொடாத குளிர் அது. வேறொரு நாளாக இருந்தால் பக்கத்தில் போய் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பார்.

புறப்படும்போது அந்தப் பெண்மணி இருவரையும் நிறுத்தினார். அவருக்கே அந்தப் பேச்சு பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"ஒண்ணு கேக்காம விட முடியாது. அவர் உயிரோட இல்லாத நிலைமை வந்தா, இதை மனைவிகிட்ட குடுக்கணுமா, அழிச்சிடணுமா? அதை அவர் வாயாலதான் சொல்லணும். தெளிவா இருக்கும்போதே கேட்டு வையுங்க. காலையில வார்டுக்குப் போன் பண்றேன்."

வேனில் ஏறியதும் மருமகள் நேராகப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் கேக்கமாட்டேன் மாமா. நான் கேட்டா, அவர் போயிடுவார்னு நானே நினைக்கிற மாதிரி ஆயிடும்."

ஆக, நடுவில் நின்று பேசுகிற ஆளும் கழன்றுகொண்டது. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடித்துக்கொண்டிருந்த மனிதருக்கு இப்போது வாலும் இல்லை.

வார்டில் மருந்து ஏறத் தொடங்கியிருந்தது. சிவப்பான மருந்து. தெளிவான குழாய் வழியாக மெதுவாக இறங்கி மகனின் கைக்குள் போய்க்கொண்டிருந்தது. மூச்சு காலையைவிடக் கொஞ்சம் லேசாக இருக்கிற மாதிரி ஐஸ்காரருக்குப் பட்டது. இல்லை, அப்படி இருக்க வேண்டும் என்று பட்டது. மருமகள் உள்ளே வந்து கணவனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கொஞ்சம் கிடைச்சிருக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு, தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று வெளியே போனாள். தண்ணீர்ப் பாட்டில் மேஜை மேலேயே நிறைந்துதான் இருந்தது.

அவள் எங்கேயும் போகவில்லை. திரைக்குக் கீழே அவளுடைய பாதங்கள் தெரிந்தன.

ஐஸ்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஐந்து நிமிஷம் ஜன்னலைப் பார்த்தார். பொட்டுப் பொட்டாக விழுகிற மருந்தைப் பார்த்தார். நாளைக்குக் காலையில் கேட்டுக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. நாளைக்கு அவன் வாந்தியிலும் மயக்கத்திலும் கிடந்தால்? இன்று காலையில் கேட்காமல் விட்டதற்குக் கொடுத்த விலை போதாதா என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

"டேய். இங்க பாரு."

மகன் திரும்பினான். டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்ட நாளுக்குப் பிறகு இருவரும் முகத்தோடு முகம் பார்த்தது அப்போதுதான். பையன் எவ்வளவு மெலிந்துவிட்டான் என்பது ஐஸ்காரருக்கு அப்போதுதான் சரியாகத் தெரிந்தது.

"லேப்ல ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. சுத்தி வளைக்கல. நீ இல்லாம போயிட்டா, அதை அவளுக்குக் குடுக்கலாமா, வேண்டாமா?"

சொல்லிவிட்டார். 

மகன் பதறவில்லை. அவனும் இதை நினைத்துப் பார்த்திருப்பான்போல. திரைக்குக் கீழே தெரிந்த பாதங்களைப் பார்த்தான்.

"அவ என்ன சொல்றா?"

"அவ கேக்கவே மாட்டேன்னுட்டா."

 பாதங்கள் அசையவில்லை.

"நீங்க சொல்லுங்கப்பா" என்றான் மகன். "என்ன செய்யட்டும்?"

மகன் தன்னிடம் யோசனை கேட்டு எத்தனை காலமாயிற்று? லிஃப்ட் வேலைக்குப் போகலாமா என்றுகூட அம்மா வழியாகத்தான் கேட்டான். இன்று நேராகக் கேட்டுவிட்டான், கேட்டது இதை.

ஐஸ்காரரிடம் பதில் இருந்தது. குடு என்று சொல்ல உடம்பில் ஒவ்வொரு எலும்பும் துடித்தது. இவன் போய்விட்டாலும் இவனில் ஒரு துளி இந்த மண்ணில் நடமாட வேண்டும், அந்த நீளக் கழுத்தை ஒரு தடவையாவது தூக்கிவைத்துக் கொஞ்ச வேண்டும் என்று ஆசையாக இருந்தது. ஆனால் திரைக்கு வெளியே நிற்கிற பெண்ணுக்கு முழு ஆயுசு பாக்கி இருக்கிறது. தன் ஆசையை எடுத்து அவள் தலையில் கட்டலாமா? வேண்டாம் என்று சொன்னால், பிள்ளையைப் பெற்றவனே பிள்ளையின் கடைசித் துளியைக் கொட்டிவிடச் சொன்ன மாதிரி ஆகாதா? காலையில் ஒருமுறை கொட்டியாயிற்று.

 மகனின் கையைத் தொட்டுப் பார்த்தார். மருந்து ஏறுகிற கை புறங்கைவரை சில்லென்று இருந்தது.

ஐஸ்காரர் தன் சட்டையின் மேல் பட்டன்களைக் கழற்றினார். ஊசியும் குழாயும் அசையாதபடி அந்தக் கையை மெதுவாக எடுத்துச் சட்டைக்குள் விட்டு, நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டார். மகன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.